கையெழுத்தின் வால்

வக்கீல் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தபோது அவர் மனைவிக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. அதைப் பற்றிப் பேச வந்த ஜூனியர், ஒன்பது வருடம் அவரிடம் அந்த வீட்டு முன்னறையில் வேலை பார்த்தவன். இப்போது அதே மேசைக்கு எதிரே, கட்சிக்காரர் நாற்காலியில் பாதி உடம்போடு உட்கார்ந்தான்.

"பயப்படாதீங்கம்மா. ஒரே ஒரு கேள்விதான்."

"அவரும் அப்படித்தான் சொல்வாரு. அரை மணி நேரத்துல வந்துடறேன்னு போவாரு. சோறு ஆறி, குழம்பு ஆறி, நானும் ஆறினப்புறம் வருவாரு."

விஷயம் ஒரு தையல்காரரின் உயில். ஆறு வருடம் படுக்கையில் கிடந்தவரைப் பார்த்துக்கொண்டது, இறந்துபோன இளைய மகனின் மனைவியான மருமகள். வீட்டை அவளுக்கு எழுதிவைத்திருந்தார். எட்டிக்கூடப் பார்க்காத மூத்த மகன், உயிலே பொய் என்று வழக்காடினான். அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேர். பக்கத்து மருந்துக்கடைக்காரர் போன வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார். மற்றவர் வக்கீல். இரண்டு சாட்சியும் இல்லையென்றால், ஒருவருடைய கையெழுத்தையாவது 'இது அவருடையதுதான்' என்று தெரிந்தவர் யாராவது வந்து சொல்ல வேண்டும். மருந்துக்கடைக்காரருக்கு அப்படிச் சொல்ல நாதியில்லை. மருமகளுக்காக இப்போது ஜூனியர்தான் வாதாடினான்.

"முப்பத்திநாலு வருஷம் கூட இருந்திருக்கீங்க. உங்கள விட யாருக்குத் தெரியும்?" என்று ஜூனியர் உயிலின் நகலை நீட்டினான்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். பெரிய முதலெழுத்து. நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நான்கு எழுத்து. கடைசியில் ஒரு வால். அது அரிவாள் மாதிரி கீழே வளைந்திருந்தது.

அவருடைய வால் மேலே போகும். கீழே வளைவது அவளுடையது.

கடைசி இரண்டு வருடம் அவருக்குக் கை நடுங்கியது. முதலில் சட்டைப் பொத்தான், பிறகு சவரக் கத்தி, பிறகு பேனா. "கை நடுங்குற வக்கீல்கிட்ட எவன் வருவான்? காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டான்னுவான்" என்றார், வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவர். மகளுக்குப் படிப்பு முடிய ஒரு வருடம் பாக்கி இருந்தது. பழைய காலண்டர் தாள்களின் பின்புறத்தில் ஒரு வாரம் எழுதி எழுதி அவள் அவருடைய கையெழுத்தைக் கற்றுக்கொண்டாள். அவர் பரீட்சைத் தாள் திருத்துகிறவர் போல ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எல்லாம் சரி. வால் மட்டும் உன்னுது" என்று பாஸ் போட்டார்.

அதன்பிறகு அவர் காட்டிய இடத்தில் அவள் போட்டாள். மேலே எழுதியிருப்பதை உள்ளங்கையால் மூடிக்கொள்வார். கட்சிக்காரர் ரகசியம் பெண்டாட்டிக்கும் ஆகாது என்பது அவர் கொள்கை. அதனால் எந்தக் காகிதம் எது என்று அவளுக்குத் தெரியாது. ஒரே ஒரு நாள் மட்டும் நினைவிருந்தது. ஓர் உறையோடு வந்து, செய்தித்தாள் ஓரத்தில் தானே எழுதிப் பார்த்து, நான்கைந்து முறை கெடுத்தார்.

"அங்க எல்லார் முன்னாடியும் பேனாவ எடுத்தேன். கை கேக்கல. அப்புறம் போட்டுத் தரேன்னு எடுத்துட்டு வந்துட்டேன்."

பிறகு, "போடு" என்றார். காகிதத்தை மூடியிருந்த அவர் கை ஆடியது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வலது கையால் போட்டாள். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

"தம்பி, இதுல ஒரு விஷயம் இருக்கு…"

ஜூனியர் அவள் முகத்தைப் பார்த்தான். சட்டென்று நகலை வாங்கி மடித்தான்.

"சொல்லாதீங்கம்மா. நான் காதுல வாங்கிட்டேன்னா உங்களக் கூண்டுல ஏத்த முடியாது. ஏத்தலேன்னா அந்தப் பொண்ணு தெருவுல நிக்கும். ஐயா மானமும் கூடவே நிக்கும்."

"அப்ப நான் என்னதான் பண்ணறது?"

அவன் வாசலில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டு, மறுபடி கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டு போனான்.

எதிர்த்தரப்பு வக்கீல், இருபது வருடம் அவள் கணவரோடு மாலை நடை போனவர். வீட்டுக்கு வந்தால், "தங்கச்சி, காப்பி இன்னைக்கே உண்டா, இல்ல வாய்தாவா?" என்று கேட்பவர். கோர்ட்டில் அவளைப் பார்த்ததும் கோப்பில் எதையோ தேடத் தொடங்கினார்.

அவள் சத்தியம் செய்தாள். கணவர் கையெழுத்து எப்படிப் பழக்கம் என்று ஜூனியர் கேட்டான். அவர் அவளுக்குக் கடிதம் எழுதியதில்லை, அதற்கு ஒரு நாளாவது வெளியூரில் தங்கியிருக்க வேண்டும். மகளின் பள்ளி மதிப்பெண் அட்டைகளைக் கொண்டுவந்திருந்தாள். நீதிபதி ஒன்றை வாங்கி வாய்விட்டுப் படித்தார்: "பார்வையிட்டேன். கணக்கில் மேல்முறையீடு செய்யப்பட வேண்டும்." அறை முழுக்கச் சிரித்தது. கணவரே மறுபடி வந்து எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டுப் போனது போல ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு உயிலைக் காட்டினார்கள். பின்சுவரில் சாய்ந்து தையல்காரரின் மருமகள் நின்றாள். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கூண்டில் நின்றவளின் வாயையே பார்த்தாள்.

"அவரோடதுதான்."

ஜூனியர் உட்கார்ந்தான். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். அவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கேட்டுவிட்டால் நல்லது என்றுகூட இருந்தது. அங்கியைச் சரிசெய்துகொண்டு, "குறுக்கு விசாரணை இல்லை" என்று சொல்லி அமர்ந்தார். மூத்த மகன் பின்னாலிருந்து அவர் தோளைத் தட்டினான். அவர் திரும்பவில்லை.

பெஞ்சு கிளார்க் வாக்குமூலத்தை நீட்டினார். "கையெழுத்துப் போடுங்கம்மா."

அவள் பேனாவை வாங்கினாள். பக்கத்திலேயே உயில் கிடந்தது, அரிவாளோடு. எப்படிப் போட்டாலும் அவளுடைய வால் கீழே வளையும். வளையாமல் போட அவளுக்குத் தெரியாது. முனை தாளைத் தொட்டதும் கை நடுங்கியது. நிறுத்தப் பார்த்தாள். கேட்கவில்லை.

"ரேகை வெச்சுக்கலாமா?"

"படிச்சவங்கதானேம்மா நீங்க?"

"விடுங்க, வச்சுக்கட்டும்" என்றார் நீதிபதி. துக்கம் என்று நினைத்திருப்பார்.

தாழ்வாரத்தில் தையல்காரரின் மருமகள் ஓடிவந்து, மைபட்ட கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஐயா செத்தும் எங்களக் காப்பாத்திட்டாரும்மா." அவள் கன்னத்தில் மை ஒட்டிக்கொண்டது. சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் போய்விட்டாள்.

தூணருகே எதிர்த்தரப்பு வக்கீல் நின்றிருந்தார்.

"ஏண்ணே ஒண்ணும் கேக்கல?"

"ரெண்டு வருஷமா அவன் டீ கிளாஸ நான்தான் புடிச்சுக் குடுத்தேன் தங்கச்சி. நான் கேட்டா நீ இன்னொரு தடவ பொய் சொல்லணும்." உயில் கட்டு இருந்த அறைப் பக்கம் பார்த்தார். "என் கட்சிக்காரன் என்னைய நம்பித்தான் வந்தான்."

மூத்த மகன் அவரைத் தேடி வந்துகொண்டிருந்தான். அவர் கோப்பைக் கைமாற்றி, அவனை நோக்கி நடந்தார்.

பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. மதிப்பெண் அட்டைகளை இடது கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள், மை படாமல். வலது கையால் கம்பியைப் பிடிக்க வேண்டியிருந்தது. நடுக்கம் இன்னும் நிற்கவில்லை.