கடைசி வரிசைக் கோதுகள்

பீலெஃபெல்டில் ஒரு தமிழன் வெடிமருந்து வைத்திருக்க அரசாங்கம் அனுமதி கொடுத்தால் அவனை மூன்று பேர் சந்தேகிப்பார்கள். ஒன்று ஜெர்மன்காரன். மற்றது தமிழன். மூன்றாவது அவனுடைய பெண்சாதி. அந்த மூன்றாவது ஆள் நான்தான். பெயர் சுகன்யாதேவி. சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். கடையில் கத்தரிக்காய் வாங்கினாலும் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் பையில் போடுவேன்.

என் கணவர் கதிர்காமநாதன் ஒரு இரும்புப் பட்டறையில் வேலை செய்தார். அங்கே மேற்பார்வையாளராக இருந்த வோர்மான் என்ற பெரிய மனிதர்தான் அவரைத் துவக்குச் சுடும் சங்கத்துக்குக் கூட்டிப்போனார். நாட்டில் துவக்கைக் கண்டால் வேலி பாய்ந்து ஓடிய மனுசன், இங்கே வந்து நாற்பத்தாறு வயதில் கடதாசி வட்டத்தைக் குறிபார்த்துச் சுடப் பழகினார். பிறகு தோட்டாவையும் தானே செய்ய வேண்டும் என்றார். அதற்குப் பரீட்சை, அனுமதிப் பத்திரம், இரும்புப் பெட்டி, அதற்குப் பூட்டு. ஒரு நாள் இரண்டு பொலிஸ்காரர் வந்து, உங்களுக்கு எதற்கு வெடிமருந்து என்று மிகவும் மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் வந்துபோனதைத் தமிழ்க்கடையில் யாரோ சொல்ல, வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. "ஒரு தமிழனுக்குத் துவக்கு சும்மா குடுப்பாங்களோ? ஆள் பொலிசுக்கு வேலை செய்யுது" என்று கதை கிளம்பியது. அந்தக் கதையைக் கிளப்பியவன் அந்தக் கடையில் எப்போதும் நிற்கிற சோதிலிங்கம் என்பது என் முடிவு. சாட்சி இல்லை. ஆனால் அவன் முகம் போதும் எனக்கு.

சங்கத்தின் சுடுதளம் காட்டோரம் இருந்தது. பக்கத்தில் புது வீடுகள் வந்ததும் சத்தம் என்று முறைப்பாடு போனது. சத்தம் குறைந்த வெடி என்றால் ஞாயிறு காலையிலும் சுடலாம் என்று ஒரு சமரசம் வந்தது. கடைத் தோட்டாவில் ரவை, அதாவது பாய்ந்து போகிற ஈயக்குண்டு, சத்தத்தை முந்திக்கொண்டு போகும், அதுதான் சாட்டை அடித்த மாதிரி வெடிக்கிறது என்று இவர் எனக்கு விளக்கம் சொன்னார். மருந்தைக் குறைத்தால் ரவை சத்தத்துக்குப் பின்னால் ஆறுதலாகப் போகுமாம். அப்போது கேட்பது பக்கத்து வீட்டுக்காரர் கதவு சாத்துகிற அளவுதானாம். இதற்காக ஒவ்வொரு சனிக்கிழமை பின்னேரமும் கட்டடத்தின் கெல்லரில், எங்களுக்கென்று ஒதுக்கிய அந்த நிலவறைக்குள் போய் இருந்துவிடுவார். மத்தியானப் பாத்திரம் கழுவின கையோடு போவார். அரிசி அளக்கிற சுண்டைக் கழுவினால் தண்ணீர் வடியட்டும் என்று கவிழ்த்துத்தான் வைப்பார். அளக்கிற பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கிற வீட்டில் சோறும் நிலைக்காது, ஆளும் நிலைக்காது என்று பதினேழு வருடமாகச் சொல்லியும் அவருக்கு ஏறவில்லை. அவர் கவிழ்ப்பார், நான் நிமிர்த்துவேன். எங்கள் குடித்தனம் அப்படித்தான் ஓடியது.

அது 2008 ஆவணி மாதம். ஒரு சனிக்கிழமை மூன்று மணிபோலத் தொலைபேசி அடித்தது. மல்லாவியில் இருந்து இவருடைய தங்கை. அந்த நாட்களில் சண்டை நடந்த வன்னியில் இருந்து அழைப்பு வந்தால் குளிக்கிறவரும் ஈரத்தோடு ஓடிவருவார். நான் கையில் கருவியோடு கெல்லருக்கு ஓடினேன். கீழே தொடர்பு அறுந்து அறுந்து கேட்டது. இவர் அதைப் பறித்துக்கொண்டு மேலே பாய்ந்தார்.

"கதவடியில நில்லும், இந்தா வாறன்" என்றார்.

நின்றேன். கதவை ஒட்டியிருந்த மேசையில், துளை போட்ட மரப்பலகையில் தோட்டாவின் பித்தளைக் கோதுகள் வரிசையாக இருந்தன. மேல்மாடிப் படிக்கட்டில் இருந்து இவர் குரல் கேட்டது. "எங்கை போறியள்? எந்தப் பக்கம்? பிள்ளையள் எங்கை?"

அப்போது வாசல் மணி அடித்தது. மேலே போய்த் திறந்தால் சோதிலிங்கம். மறுநாள், பெரியபிள்ளையான அவனுடைய மகளுக்குச் சாமத்தியவீடு. அறுபது பேருக்குச் சோறு அவிக்கிற கிடாரம் இந்த ஊரில் எங்களிடம்தான் இருந்தது. அதைக் கேட்டு வந்திருந்தான். புருசனும் பெண்சாதியுமாய் வீட்டுக்கு வந்து வெற்றிலை வைத்துச் சொல்ல வேண்டிய அழைப்பை, போன கிழமை கடையில் வைத்து என் கையில் வெறும் அட்டையாகத் திணித்தவன். எங்களுக்கு ஒழுங்கான அழைப்பு இல்லை, கிடாரத்துக்கு மட்டும் ஆள் நேரே வந்து நிற்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கெல்லரில படிக்குக் கீழ கிடக்கு. நீரே எடுத்துக்கொண்டு போம்" என்றேன்.

"ஓம் அக்கா. அண்ணை ஆரோட கதைக்கிறார்?"

"உமக்கு ஏன் அது?"

அவன் தனியாகக் கீழே போனான். கொஞ்ச நேரம் எடுத்துத்தான் கிடாரத்தோடு வந்தான். இவர் தொலைபேசி அறுந்த பிறகும் அந்த மேல்படியிலேயே கொஞ்ச நேரம் குந்தியிருந்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் வேலைக்குத் திரும்பினார். தங்கை குடும்பம் மல்லாவியை விட்டு வெளிக்கிட்டுவிட்டதாம்.

மறுநாள் ஞாயிறு. நாங்கள் சாமத்தியவீட்டுக்குப் போகவில்லை. இவர் சுடப் போனார். பதினொரு மணிக்கே திரும்பி வந்தார். வோர்மான்தான் காரில் கொண்டுவந்து விட்டார். மனுசனால் சப்பாத்தைக்கூடக் கழற்ற முடியவில்லை.

பத்துப் பதினொரு வெடி ஒழுங்காகப் போயிருக்கிறது. அடுத்ததில் சத்தம் கொஞ்சம் குறைவு. எல்லாமே மெல்லிய சத்தம் என்பதால் இவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த தோட்டாவை ஏற்றி விரலை வைக்கும்போது பக்கத்தில் நின்ற வோர்மான் "நிறுத்து!" என்று கத்தியிருக்கிறார். குழாய்க்குள் கம்பி விட்டுப் பார்த்தால் ரவை பாதி வழியில் இறுகி நின்றது. அந்தக் கோதில் மருந்தே இல்லை. அடியில் இருக்கிற சின்னத் தீமூட்டி மட்டும் வெடித்து ரவையைத் தள்ளிவிட்டிருக்கிறது. அடுத்ததையும் சுட்டிருந்தால் குழாய் இவருடைய முகத்தில் வெடித்திருக்கும்.

"நீங்கள்தான் மறந்திருப்பியள்" என்றேன்.

"நானோ? இஞ்சை பாரும், மருந்து போடாத கோதை நான் கவிழ்த்து வைப்பன். போட்டதை நிமித்தி வைப்பன். திரும்பி வந்து பாக்கேக்க அம்பதும் நிமிந்துதான் நிண்டது. கடைசியா டோர்ச் அடிச்சு ஒவ்வொண்டா உள்ள பாத்தனான். அப்ப மருந்து எங்கை போனது?"

அவர் சொன்னது எனக்குப் பாதிதான் காதில் ஏறியது. என் மனம் வேறு இடத்தில் நின்றது.

"சோதிலிங்கம் நேற்றுக் கெல்லருக்குப் போனவன்" என்றேன்.

இவர் நிமிர்ந்து பார்த்தார். "எப்ப?"

"நீங்கள் தங்கச்சியோட கதைக்கேக்க. தனியப் போனவன். கன நேரம் நிண்டவன்."

அவனைத் தனியாக அனுப்பியது நான்தான் என்று சொல்லவில்லை. கன நேரம் என்பதும் என் கணக்கு. எரிகிற நெருப்பில் எண்ணெயை நானே ஊற்றினேன். ஊற்றும்போது, உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளே ஒரு சின்னச் சந்தோசமும் இருந்தது. எங்களைப் பற்றி ஊரெல்லாம் கதை கட்டினவன் இப்போது மாட்டினான் என்று.

"கோதைச் சரிச்சு மருந்தைக் கொட்டியிருக்கிறான்" என்றார் இவர். "நான் செத்திருப்பன். நாளைக்குப் பொலிசுக்குப் போறன்." மிச்சத் தோட்டாக்களைப் பெட்டியோடு கட்டி ஒட்டு நாடா சுற்றி வைத்தார். அதுதான் சாட்சியாம், பொலிஸ் திறந்து பார்க்கட்டுமாம். பிறகு டோர்ச் அடித்துப் பார்த்தவருக்கு அது ஏன் தெரியாமல் போனது என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

இதில் சோதிலிங்கத்துக்கு என்ன நடக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவனுடைய அகதி விண்ணப்பம் இரண்டு முறை தள்ளுபடியானது. கையில் இருந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக் கொடுக்கிற டுல்டுங் தாள் மட்டும்தான். வெடிமருந்தோடு அவன் பெயர் ஒரு பொலிஸ் கோப்பில் ஏறினால், அடுத்த முறை தாளை நீட்ட மாட்டார்கள். குடும்பத்தோடு விமானத்தில் ஏற்றுவார்கள். அந்த வருடம் கட்டுநாயக்காவில் இறக்கப்படுகிற ஒரு தமிழனுக்கு என்ன வரவேற்பு என்பதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். தெரிந்துகொண்டுதான் நான் பேசாமல் படுத்தேன்.

திங்கட்கிழமை இவர் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டுப் பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தார். இரண்டு மணிக்கு வரச்சொல்லித் தெர்மின் கொடுத்தார்கள். ஆள் பெயரை நேரில் சொல்கிறேன் என்றார். ஒரு மணிக்குத் தோட்டாப் பெட்டியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு போனார். போகுமுன் பாத்திரமும் கழுவி வைத்துவிட்டுத்தான் போனார்.

இரவுச் சோற்றுக்கு அரிசி ஊறவைக்கலாம் என்று குசினிக்குப் போனேன். சுண்டு வழக்கம்போலத் தட்டில் கவிழ்ந்து கிடந்தது. என் கை தானாகப் போய் அதை நிமிர்த்தியது.

கை அதிலேயே நின்றுவிட்டது.

சனிக்கிழமை அந்த மேசையடியில் நின்றபோது, கடைசி வரிசையில் நாலு கோதுகள் மட்டும் சின்னச் சின்னச் சுண்டுகள் மாதிரிக் கவிழ்ந்து நின்றன. மேலே இவர், பிள்ளைகள் எங்கை, பிள்ளைகள் எங்கை என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாத நேரத்தில் இந்த மனுசன் இங்கேயும் கவிழ்த்து வைத்திருக்கிறாரே என்று நினைத்தேன். நினைத்தேனா, அதுகூட இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து நிமிர்த்தினேன். நாலையும். பிறகு மணி அடித்தது. அதை நான் மறைக்கவில்லை. கொட்டாவி விட்டதை யாராவது நினைவில் வைத்திருப்பார்களா? அந்த மாதிரித்தான் அது எனக்கு மறந்துபோனது.

அரிசியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். இவருடைய கைத்தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது. டிராமில் நிற்கும்போது இன்னொரு நான் எனக்குள் இருந்து கதைத்தாள். இதைச் சொன்னால் இவருடைய அனுமதிப் பத்திரம் போகும், பூட்டாத அறையில் பெண்சாதி கைவைத்தாள் என்றால் துவக்கும் போகும். மனுசனுக்கு இந்த நாட்டில் இருக்கிற ஒரேயொரு ஆசை அதுதான். சொல்லாவிட்டால் போவது சோதிலிங்கம்தானே. அவன் எனக்கு யார்? இப்படியெல்லாம் என் மனம் கணக்குப் பார்த்தது. வெட்கம்தான், ஆனால் பார்த்தது. அவனுடைய மகளை நினைத்தேன். நேற்றுத்தான் சேலை கட்டி, தலையில் பூ வைத்து மணையில் இருத்தியிருப்பார்கள்.

பொலிஸ் நிலையத்து நடையில் ஒரு மர வாங்கில் இவர் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மணிக்கூட்டில் இரண்டுக்கு நாலு நிமிடம் இருந்தது.

"பேர் சொல்லிப்போட்டியளோ?"

"இல்லை. ஏன்? நீர் ஏன் வந்தனீர்?"

"நான்தான்" என்றேன். மூச்சு வாங்கியது. "கவிண்டு கிடந்த நாலையும் நான்தான் நிமித்தினனான். கடைசி வரிசை. சுண்டு மாதிரிக் கிடந்தது, அதுதான்."

இவர் என்னைப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் நன்றாக இருந்திருக்கும்.

"நாலோ?" என்றார். "ஒண்டு நேற்றுச் சுட்டாச்சு. அப்ப மூண்டு இதுக்க கிடக்கு." பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நான் டோர்ச் அடிக்கேல்லை, சுகன்யா" என்றார். "தங்கச்சியின்ரை குரல் காதுக்கயே நிண்டது. எல்லாம் நிமிந்து நிண்டதைப் பாத்திட்டு, முடிஞ்சுதெண்டு ரவையைப் பூட்டிப்போட்டன். அடிச்சனான் எண்டு எனக்கே பொய் சொன்னனான்."

கதவு திறந்தது. ஒரு இளம் அதிகாரி, திரு. கதிர்காமநாதன் என்று தடுமாறிப் படித்தார். "யார் மீதோ சந்தேகம் என்று தொலைபேசியில் சொன்னீர்கள்" என்று கேட்டார்.

"ஓம். என் மீதுதான்" என்று இவர் ஜெர்மன் மொழியில் சொல்லிக்கொண்டு எழும்பினார். "கதவைத் திறந்து விட்டுவிட்டு நான் மேலே போனேன்."

பெட்டியை அவர்கள் நிபுணரிடம் அனுப்பினார்கள். மூன்று கோது வெறுமையாக இருந்ததாம். இவருடைய அனுமதியை அடுத்த மாதமே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். துவக்கு சங்கத்துக்குப் போனது. அந்தத் திங்கட்கிழமை பொலிஸ் நிலையத்தில் இருந்து வெளியே வரும்போது எதிர்ப்பக்கப் பேருந்துத் தரிப்பில் தமிழ்க்கடைக்காரரின் மனைவி நின்றதைக் கண்டேன். அவளும் எங்களைக் கண்டாள். நான் தலையாட்டினேன். அவள் ஆட்டவில்லை. இரவுக்கிடையில் கதை சோதிலிங்கத்தின் காதுக்கும் போயிருக்கும், டுல்டுங் தாளோடு இருக்கிறவன் முதலில் தன் பெயரைத்தான் நினைப்பான்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கதவைத் திறந்தபோது வாசலில் கிடாரம் இருந்தது. மணி அடிக்காமல் வைத்துவிட்டுப் போயிருந்தான். நன்றாக மினுக்கிக் கழுவி, கவிழ்த்து வைத்திருந்தான். எங்கள் ஆட்களில் யாரும் இரவல் வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவதில்லை. ஒரு பிடி அரிசியாவது, இரண்டு பயற்றம் பணியாரமாவது உள்ளே இருக்கும். சாமத்தியவீடு முடிந்த வீட்டில் பலகாரத்துக்கா பஞ்சம்? நான் அதை நிமிர்த்தி உள்ளே பார்த்தேன். ஈரம்கூட இல்லை.

இவர் பின்னால் வந்து நின்றார்.

"சோதியோ கொண்டந்தவன்?"

"ஓம்."

"வெறுங் கிடாரமோ?"

"ஓம்."

இவர் குனிந்து கிடாரத்தின் ஒரு காதைப் பிடித்தார். நான் மற்றக் காதைப் பிடித்தேன். படி இறங்கும்போது மெல்லச் சொன்னார்: "அப்ப அவனுக்குத் தெரிஞ்சிட்டுது, நாங்கள் ஆரின்ரை பேர் சொல்லப் போனனாங்கள் எண்டு."