கேமரா சுமார்தான்

சின்னவள் வெளிநாடு போகிறாள் என்ற செய்தி வந்த அன்றைக்கே பெரியவளுக்குத் தலைவலியும் வந்துவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று அவளே நாலு பேரிடம் சொன்னாள். யாரும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். கீழே மாமியாரும் மூத்தவன் குடும்பமும், மாடியில் இளையவன் குடும்பம். சின்னவளுக்குப் பல் லேபில் வேலை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புகிற அச்சைப் பார்த்துப் பல் செய்து கொடுக்கிற இடம். அங்கே புதிதாக ஒரு மெஷின் வாங்கப் போகிறார்களாம். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் அதுவே பல்லைச் செதுக்கிவிடுமாம். மூன்று வாரம் வெளிநாட்டில் இருந்து அதை ஓட்டக் கற்றுவர ஓர் ஆள் வேண்டும் என்றதும், அத்தனை ஆம்பளைகளையும் விட்டுவிட்டு முதலாளி இவளைக் கை காட்டிவிட்டார்.

பெரியவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடுகிறாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்கள் பில் போடுகிறவர்களை எந்த நாட்டுக்கும் அனுப்புவதில்லை. பாஸ்போர்ட் என்னவோ அவளிடமும் இருந்தது. கல்யாணமான புதிதில் புருஷன் ஆசையாக எடுத்துக் கொடுத்தது. ஒரு முத்திரைகூட விழாமலே காலாவதியாகி, பீரோவில் பழைய போர்வைக்கு அடியில் படுத்துக் கிடக்கிறது.

ஆனால் போன் விஷயத்தில் மட்டும் அந்தக் குடும்பத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் கையில் வாங்கி, புரட்டிப் பார்த்து, சரி என்று தலையாட்டாமல் ஒருத்தரும் போன் வாங்கியதில்லை. நாத்தனார் ஒருமுறை தன் இஷ்டத்துக்கு ஒன்றை வாங்கி, காது பொசுங்குகிறது என்று அழுதுகொண்டு வந்ததிலிருந்து அந்த வழக்கம் சட்டமாகவே ஆகிவிட்டது. ஆகவே சின்னவளும் மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"அக்கா, நீங்கதான் ஒரு போன் பாத்துக் குடுக்கணும். என் போனை எடுத்துட்டுப் போக முடியாது. பசங்க பாடம், பேங்க் மெசேஜ் எல்லாம் அதுலதான் வருது. அங்க போய்ப் பேசறதுக்கு வெல கம்மியா ஒண்ணு போதும்."

"போன் என்னடி பெரிய விஷயம்? நீ போறதுதான் பெரிய விஷயம்," என்றாள் பெரியவள். வாயில் சர்க்கரை. வயிற்றில் கொள்ளிக்கட்டை.

அவள் பயமெல்லாம் போட்டோவைப் பற்றித்தான். இவள் போய் இறங்கியதும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மழையாகக் கொட்டப்போகிறது. விமான ஜன்னலில் ஒன்று, பனியில் ஒன்று, ஏதோ ஒரு பாலத்தில் கையை விரித்துக்கொண்டு ஒன்று. அத்தனை சொந்தமும் வரிசையில் நின்று இதயம் போடும். தான் அனுப்பும் காலை வணக்கம் எங்கோ அடியில் போய் மூச்சுத் திணறும். இத்தனை வருஷம் அந்தக் குழுவில் முதல் ஆளாக இருந்தவள் அவள். அந்த இடம் பறிபோவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

கடையில் பெரியவள் ஒரு குறையும் வைக்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு சிம் போட இடம் இருக்கிறதா, அந்த நாட்டு நெட்வொர்க் இதில் எடுக்குமா, சார்ஜ் ஒரு நாள் முழுக்க நிற்குமா, கீழே விழுந்தால் தாங்குமா என்று கடைப் பையனைக் குடைந்து எடுத்தாள். கடைசியில் மூன்று போன் மிஞ்சியது. மூன்றும் ஏறக்குறைய ஒரே விலை. சின்னவள் கவர் பார்க்க நகர்ந்த நேரத்தில் குரலைத் தணித்தாள்.

"இந்த மூணுலயும் கேமரா எப்படி?"

"உண்மையச் சொல்லவா மேடம்? இந்த ஒண்ணுல மட்டும் சுமார்தான். ஆள் தெரியும். எந்த ஆளுன்னு தெரியாது."

"இதையே பில் போடுங்க."

சின்னவள் போய் இறங்கினாள். முதல் படம் வந்தது. மாமியார் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது யாரு, புகைக்குள்ள நிக்கறது?"

"உங்க சின்ன மருமகதான், அத்தை. அங்க பனி அதிகமாம்," என்றாள் பெரியவள், தாய்மையோடு. அன்றைக்கு அவளுக்குத் தலைவலி சுத்தமாக விட்டுவிட்டது.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு குறைவு. படம் சரியாக விழவில்லை என்று தெரிந்ததும் சின்னவள் வாயைத் திறந்துவிட்டாள். சாயங்காலமானால் குழுவில் அவள் குரல் வரும். "அத்தை, இங்க ஒரு ஏரி அப்படியே ஒறஞ்சு போயிருக்கு. ஜனங்க அதுமேல நடக்கறாங்க. நானும் நடந்தேன். காலுக்கடியில மொறமொறன்னு சத்தம் வருது, உசிரக் கையில புடிச்சுக்கிட்டேன்."

மாமியாருக்குக் கண் மங்கல். போட்டோ வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். குரல் அப்படியா? அந்த நேரத்துக்கு டிவியையே நிறுத்திவிட்டு எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்தார். ஒன்றையே இரண்டு தரம் போடச் சொன்னார். போதாததற்கு, "போன் பாத்துக் குடுத்தவளச் சொல்லணும். பக்கத்துல உக்காந்து பேசற மாதிரியே இருக்கு," என்று பெரியவளுக்கு ஒரு பாராட்டு வேறு. வெந்த புண்ணில் தடவுகிற களிம்பு மாதிரியா அது இருந்தது? மிளகாய்த்தூள் மாதிரி இருந்தது.

மறுநாள் தன் கடையில் பெரியவள் ஒருத்தருடைய கண்ணாடியை இன்னொருத்தர் பில்லோடு சேர்த்துக் கொடுத்துவிட்டாள். ஏரிமேல் நடந்தாளாமே, ஏரிமேல்!

இரண்டாவது வாரம், ஒரு சாயங்காலம், குரல் குழுவுக்கு வரவில்லை. பெரியவளுக்குத் தனியாக வந்தது. அடுப்படியில் நின்று காதோடு வைத்துக் கேட்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் முதலில் வந்தது.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. நான் ஏரியும் பாக்கல, ஒண்ணும் பாக்கல. லேப் பூமிக்கடியில இருக்கு. இருட்டுல போறேன், இருட்டுல வர்றேன். ரூம் ஜன்னலத் தொறந்தா பக்கத்துக் கட்டட செவுரு. ஏரி, பஸ்ல ஒட்டியிருந்த படத்துல பாத்ததுதான். எல்லாரும் ஆசையா கேக்கறாங்களேன்னு அடிச்சு விட்டேன். நல்லவேள, நீங்க இந்த போன் எடுத்துக் குடுத்தீங்க. நல்ல கேமரா இருந்திருந்தா, ஏரிய எடுத்து அனுப்புன்னு அத்தனை பேரும் உயிர வாங்கியிருப்பாங்க. இன்னிக்கு ஒரு பல்லை உடைச்சுட்டேன்க்கா. சொல்லிக் குடுக்கறவரு எல்லார் முன்னாடியும் திட்டிட்டாரு. பொய் சொல்லக்கூடத் தெம்பு இல்ல. நீங்களே ஏதாவது சொல்லிச் சமாளிங்க."

பெரியவள் அதை இன்னொரு தரம் கேட்டாள். பிறகு இன்னொரு தரம். ஏரி இல்லை! நெஞ்சுக்குள் யாரோ மின்விசிறியைப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது. இத்தனை நாளாக, யாருமே நடக்காத ஏரிக்காகவா இந்த எரிச்சல்?

"பெரியவளே! இன்னிக்கு ஒண்ணும் வரலியா?" கூடத்திலிருந்து மாமியார் குரல்.

"வந்துட்டேன் அத்தை."

போய் அந்தக் குரலைச் சத்தமாகப் போட்டுவிட்டால் போதும், கதை முடிந்தது. கட்டை விரல் அந்தப் பொத்தானுக்கு மேலேயே நின்றது. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. போட்டால் என்ன ஆகும்? "ஐயோ, என் புள்ள தனியாக் கெடந்து அழுவுதே" என்று மாமியார் ஆரம்பிப்பார். கொழுந்தன் கண் கலங்குவான். நாத்தனார் வரை செய்தி போகும். அந்தப் பரிதாபம் மொத்தமும் மறுபடி சின்னவளுக்கே போகும். அதோடு, அழுவதற்கு அத்தனை பேரை விட்டுவிட்டு அவள் தேடி வந்தது யாரை?

பெரியவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு கூடத்துக்கு வந்து, நடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தொண்ட கட்டிக்கிச்சாம் அத்தை. எனக்கு எழுதி அனுப்பிச்சிருக்கா. நானே சொல்றேன். இன்னிக்கு அவங்களக் கடல்ல படகுல கூட்டிட்டுப் போனாங்களாம்."

"படகா!" மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சாதாரணப் படகா? மூணு அடுக்கு. சுத்திக் கண்ணாடி. மேல வெள்ளை வெள்ளையா பறவைங்க, கூடவே பறந்து வருதாம்."

கொழுந்தன் வாயைப் பிளந்தான். பிள்ளைகள் அவள் காலடியில் வந்து உட்கார்ந்தார்கள். மாமியாரின் கை அவள் முழங்கால்மேல் வந்து தங்கியது. இத்தனை கண்கள் தன் முகத்தையே பார்த்து எத்தனை நாளாயிற்று! பெரியவளுக்கு நிறுத்த மனமில்லை. தண்ணீர், காற்று, தூரத்து விளக்குகள் என்று படகை நன்றாகச் சுற்ற விட்டாள். சுற்றச் சுற்ற, படகு அழகாகிக்கொண்டே போனது. அதில் ஜம்மென்று நின்றுகொண்டிருப்பது யார் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஆனா பாவம் அத்தை," என்றாள், முகத்தைச் சுருக்கிக்கொண்டு. "ஏறின கொஞ்ச நேரத்துலயே கொமட்டி, வந்தவங்க அத்தனை பேர் முன்னாடியும் வாந்தி எடுத்துட்டாளாம்."

"அடடா," என்றார் மாமியார்.

"மேல சட்டையெல்லாமாம்."

அடுப்படிக்குத் திரும்பி, சின்னவளுக்கு அவசரமாக எழுதி அனுப்பினாள்: "சமாளிச்சாச்சு. அழாம படு. நாளைக்கு யாராவது கேட்டா, தொண்டக்கட்டு, படகு, வாந்தி. மாத்திச் சொல்லிடாதே."