வெறும் வயிறு

தம்பியின் கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினாள் அக்கா. சுவருக்கு அந்தப் பக்கம், கூடத்தில், அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். பதினோரு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு.

"அண்ணன் கிடக்கிறாரு. இப்பதான் ஊசி குத்தணுமா?" என்றாள் வாசலில் நின்ற அத்தை.

"இப்பதான் அத்தை குத்தணும். நேத்து சாயங்காலத்துலேர்ந்து இவன் தண்ணியைத் தவிர ஒண்ணும் தொடல."

அத்தைக்குப் புரியவில்லை. தம்பிக்கும் புரியவில்லைதான். ஆனாலும் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒல்லிப்பிச்சான் என்றால்தான் தெருவில் தெரியும். பீடி, சிகரெட் கிடையாது. நேற்று பிற்பகல் ஒன்பதாவது மாடியில் மோட்டாரைப் பிரித்துப் போட்டவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஐம்பத்துமூன்று வயது. பெரியப்பாவும் இப்படித்தான் போனார், நாற்பத்தைந்தில்.

விடிகாலையில் அம்மா அழுகையினூடே ஒன்று சொன்னாள். "உன் லேபுக்கு வந்தாரே, அன்னைக்கு டீகூட வேண்டாம்னுட்டாரு. தலைவலியோட திரும்பி வந்து படுத்தாரு." சொன்னவள் மறுபடி அழப் போய்விட்டாள். அக்கா எழுந்து தன் லேப் பையைத் தேடினாள்.

பதினோரு வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எட்டு வாரத்துக்கு முன் அப்பாவின் ரத்தத்தை அவளேதான் எடுத்தாள். ரத்தம் கீழே படிந்ததும் மேலே பிரிந்து நின்ற நீர் பாலைப் போல வெளுத்திருந்தது. தின்றுவிட்டு வருகிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். தினமும் பத்துப் பேராவது வந்து வெறும் வயிறு என்று சத்தியம் செய்வார்கள்.

"திருட்டுத்தனமா டீ குடிச்சிட்டுத்தானே வந்தீங்கப்பா?" என்று சிரித்தாள்.

"ஒரு சொட்டுகூட இல்லம்மா."

அவள் நம்பவில்லை. 'சாப்பிட்டிருக்கிறார், மறுபடி வரவும்' என்று எழுதிக் குழாயைக் குப்பையில் போட்டாள். அப்பா மறுபடி வரவில்லை. அவர் சொன்னது உண்மை. அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன் கையையே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

வெறும் வயிற்றிலும் வெளுத்தால் அது நோய், பெரியப்பாவுக்கும் இருந்திருந்தால் தம்பிக்கும் இருக்கலாம். தம்பியின் ரத்தம் எடுத்த குழாயை ஒரு டம்ளரில் நிறுத்தி ஜன்னல் ஓரம் வைத்தாள். மிஷின் தேவையில்லை, முக்கால் மணி நேரம் விட்டால் தானே பிரியும். இடையில் மாலைகள் வந்தன, லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், அவளும் அழுதாள்.

திரும்பி வந்து பார்த்தபோது குழாயின் மேல்பாதி வெள்ளை வெளேரென்று இருந்தது.

லேப் டாக்டருக்குப் போன் போட்டாள். கொழுப்பைச் சுமந்துபோய் ஈரலில் இறக்கிவிட ரத்தத்தில் ஒரு புரதம் உண்டு, சில குடும்பங்களில் அது பிறவியிலேயே கோளாறாக இருக்கும் என்றார் அவர். கொழுப்பு தேங்கும், ரத்தக் குழாயின் சுவர் உள்ளுக்குள் புண்ணாகி வீங்கும், வெளியே ஒன்றும் தெரியாது. ஆள் ஒல்லியா குண்டா என்று அது பார்க்காது. இதுதானா என்று உறுதி செய்ய இன்னொரு பரிசோதனை வேண்டும்.

"தம்பிக்கு என்ன வயசு?"

"இருபத்தெட்டு."

"நல்ல வேளை. மாத்திரை இருக்கு, சாப்பாட்டுல கட்டுப்பாடு இருக்கு. நாளைக்கே கூட்டிட்டு வாங்க. நீங்களும் உங்க ரத்தத்தைப் பாருங்க."

தம்பியிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள், குப்பையில் போட்டதையும் சேர்த்து. அவன் ஜன்னலோரம் போய் அந்தக் குழாயை எடுத்துப் பார்த்தான். பிறகு, "நாளைக்கு வர்றேன்கா" என்றான்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் அம்மா ஆளுக்கொரு டீ கொடுத்தாள். தம்பி டம்ளரை வாயருகே கொண்டுபோய் நிறுத்தினான்.

"அக்கா, குடிக்கலாமா?"

குடி என்று அவள் தலையை ஆட்டினாள். அவன் கடைசிச் சொட்டு வரை குடித்து முடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் டம்ளரை எடுத்தாள்.