பேருக்கு ஒரு அடி

ஒரே ஒரு அறை. கன்னத்தில் ஐந்து விரலும் பதிகிற மாதிரி. அப்புறம் டீச்சரின் கைத் தினவு அடங்கிவிடும்.

எதிரே சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள் சுண்டைக்காய். நாலு வயது. மற்றக் குழந்தைகளை அடுத்த அறைக்கு அனுப்பியாகிவிட்டது. மரவேலை மேசையிலிருந்து வாசல்வரை ரத்தம் சொட்டியிருந்தது. அடிபட்ட பையனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஆயாவின் செருப்பு அதைத் தரையெல்லாம் தீற்றியிருந்தது.

இந்தப் பள்ளியில் என்ன செய்வதென்று குழந்தைதான் தீர்மானிக்கும். சுண்டைக்காய் ஒன்பது நாளாகச் சுத்தியலைத் தவிர வேறெதையும் தொடவில்லை. சின்னதுதான், ஆனால் நிஜச் சுத்தியல். எட்டு நாளும் ஆணி வளைந்தது. இன்று ஒன்று நேராக இறங்கியது. பக்கத்திலிருந்த பையன் அதைக் குறட்டால் பிடுங்கிவிட்டுச் சிரித்தான்.

சுத்தியல் உயர்ந்ததை டீச்சர் பார்த்தாள். பாய்ந்திருக்கலாம். முந்தாநாள் இப்படிப் பாய்ந்ததற்குத்தான், "குழந்தை தானாவே நிறுத்தும், உனக்கென்ன அவசரம்?" என்று பள்ளியை நடத்தும் பெரிய டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அதனால் ஒரு மூச்சு பொறுத்தாள். மேசையில் ஊன்றியிருந்த அவன் கைமேல் இரண்டு அடி விழுந்தது. முதல் அடிக்கு அவன் கத்தக்கூட இல்லை.

பொறுத்தது நான். கோபம் மட்டும் ஏன் இந்தக் குழந்தைமேல் வருகிறது? டீச்சர் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

பையனின் அப்பா மெக்கானிக். ஆஸ்பத்திரியிலிருந்து கிரீஸ் கையோடு நேரே வந்தார். வந்த வேகத்தில் மேசையை எட்டி உதைத்தார். ஆணிகள் சிதறி ஓடின.

"ரெண்டு விரல் நொறுங்கிப் போச்சு! சுத்தியல் கேட்டா சுத்தியல், நாளைக்குக் கத்தி கேட்டா கத்தி. பள்ளிக்கூடமா நடத்துறீங்க, கசாப்புக் கடையா?"

"சார், கொஞ்சம் உட்காருங்க" என்றார் பெரிய டீச்சர்.

"உட்காரவா வந்தேன்?" குனிந்து சுத்தியலை எடுத்தார். "இவதானே? இவ கையை இங்க வைங்க. வலின்னா என்னன்னு தெரியட்டும்."

பெரிய டீச்சர் டீச்சரை ஓரமாக இழுத்தார். பன்னிரண்டு வருடமாக இந்தச் சுவருக்குள் ஒரு குழந்தைமேலும் கை விழாமல் பார்த்துக்கொண்டவர்.

"ஏம்மா, அவர் கண் முன்னாடி பேருக்கு ஒரு அடி போட்டுடு. ஆள் அடங்கிடுவாரு. இல்லைன்னா நாளைக்கு நமக்குப் பள்ளிக்கூடமே இருக்காது."

டீச்சரின் கை தானாகவே மேலெழுந்தது. காலையிலிருந்து அது கேட்டுக்கொண்டிருந்ததைத்தான் இப்போது உத்தரவாகவே கொடுத்துவிட்டார்கள்.

சுண்டைக்காய் அந்தக் கையைப் பார்த்தாள். அழவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, உதட்டை உள்ளே மடித்துக் கடித்தபடி கன்னத்தைத் தூக்கிக் காட்டினாள். பழகிய உடம்பு. இதை இவள் இந்த வகுப்பில் கற்றுக்கொண்டிருக்க முடியாது.

ஓங்கிய கையை டீச்சர் இறக்கினாள். கோபம் போய்விடவில்லை. உள்ளங்கை இன்னும் தினவெடுத்தது. அதை மடக்கி முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். பிறகு மெக்கானிக்குக்கும் குழந்தைக்கும் நடுவே போய் நின்றாள்.

"நகரு" என்றார் மெக்கானிக். சுத்தியல் அவர் கையிலேயே இருந்தது.

"சொன்னதைச் செய்யேம்மா" என்றார் பெரிய டீச்சர், கெஞ்சலாக.

"மாட்டேன் டீச்சர்" என்றாள் அவள், தணிந்த குரலில், நின்ற இடத்தைவிட்டு நகராமல்.