வத்தல் கிடங்கில் வந்து நின்ற முனியறை

ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் பூதலிங்கத்தின் வீட்டை ஒட்டிய கிடங்குக்குள், ஒரு திங்கட்கிழமை காலை, நான்கு பலகைக்கற்களும் மேலே ஒரு மூடுகல்லுமாக முனியறை ஒன்று நின்றிருந்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. கிடங்குக் கதவின் அகலம் கல்லின் அகலத்தில் பாதிகூட இல்லை. தங்கள் கைபடாமல் தெருவுக்குள் ஒரு சுமை இறங்கிவிட்டதே என்று சுமட்டுத் தொழிலாளிகளுக்குத்தான் மனத்தாங்கல். சும்மா நின்று பார்த்ததற்கு வாங்கும் நோக்குகூலியாவது கேட்கலாம் என்றால், அது இறங்கியதை ஒருவரும் பார்த்திருக்கவில்லை. அன்று வத்தல் விலை சரிந்திருந்ததால் தெரு அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

பூதலிங்கத்துக்கு அந்தக் கல் புதிதல்ல. முந்தின நாள்தான் மகள் ரேஷ்மி நச்சரித்து, அவரைப் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே ஒரு மேட்டுக்கு அழைத்துப்போய் அதைக் காட்டியிருந்தாள். ரொம்பப் பழைய காலத்து மனிதர்கள் செத்தவர்களுக்குக் கட்டிய வீடு, பக்கப் பலகையில் வட்டமாக ஒரு துளைகூட விட்டிருக்கிறார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பூதலிங்கத்தின் கை துளைக்குள் போய்விட்டது. காலமெல்லாம் மூட்டைகளுக்குள் கைவிட்டுப் பழகிய கை. ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தார், கட்டைவிரலால் தேய்த்தார், மோந்தார், நாக்கில் போட்டு விழுங்கியும் விட்டார். "அய்யே, எந்தா அப்பா இது? மண்ணப் போய்த் தின்னுதீங்க!" என்றாள் ரேஷ்மி. நன்றாகக் காய்ந்த சரக்கு என்றார் அவர், தன்னை அறியாமல்.

ஆரியசாலையில் இதற்கு ஓர் அர்த்தம் உண்டு. மாதிரி எடுத்தவன், பிடிக்காவிட்டால் அதை மூட்டையிலேயே திருப்பிப் போட்டுவிட வேண்டும். போடவில்லையென்றால் சரக்கு அவனுடையது, வாய்ப்பேச்சு தேவையில்லை. தரகர் பிச்சைக்கனி கல்லை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாதிரிய எடுத்தீரு, திருப்பிக் குடுக்கல. பொறவு சரக்கு வரத்தானே செய்யும்?" என்று கேட்டார். தின்றதை எங்கே போய்த் திருப்பிக் கொடுப்பது? கூரையைப் பிரித்து, கிரேன் வைத்துத் தூக்கி லாரியில் மலைக்கு அனுப்பினார்கள். விடிந்து லாரி திரும்பி வருவதற்குள் கல் கிடங்குக்குள் நின்றது. நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போய் பூதலிங்கம் இரவு தங்கினார். விடிந்தபோது அது மண்டபத்து வாசலில், கட்டிய வாழைமரத்துக்குப் பக்கத்தில் நின்றது. அவர் எங்கே படுக்கிறாரோ அங்கே கல் என்பது எல்லோருக்கும் விளங்கியது. பெண் வீட்டார் அதில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

செல்போனில் சுற்றிய அந்தப் படம் போனக்காடு வரை போனது. தேயிலைத் தோட்டத்து உலகம்மாள் முதல் பஸ்ஸைப் பிடித்து ஆரியசாலைக்கு வந்துவிட்டாள். அவள் புருஷன் சுடலைக்கண்ணு தேன் எடுக்கக் காட்டுக்குள் போய்த் திரும்பாதவன். ஆள்தான் வரவில்லையே தவிர, குரல் அந்தக் கல்லின் துளை வழியாக வந்துகொண்டிருந்தது. சாயங்காலம் கொழுந்து கிள்ளி முடித்ததும் அவள் போய் உட்கார்ந்து பேசுவாள். அவனும் பதில் சொல்வான், பெரும்பாலும் இன்றைக்கு என்ன குழம்பு என்றுதான் கேட்பான். கிடங்கில் அவள் துளையருகே வாயை வைத்து, "நான்தான், இருக்கீரா?" என்றாள். உள்ளேயிருந்து தும்மல் வந்தது. மறுபடி கூப்பிட்டாள், மறுபடியும் தும்மல். வத்தல் நெடி அவனைப் பேசவிடவில்லை.

"உமக்கு அது கல்லு," என்றாள் உலகம்மாள் பூதலிங்கத்திடம். "எனக்கு அவரு பேசணும்யா."

அவர் தன் மூட்டைகளையெல்லாம் வேறு கிடங்குக்கு மாற்றிப் பார்த்தார். பக்கத்துக் கடையிலும் வத்தல், எதிர்க்கடையிலும் வத்தல், தும்மல் நிற்கவில்லை. உலகம்மாள் வாராவாரம் வந்து, அந்தத் தும்மலைக் கேட்டுவிட்டுப் போனாள். ஒவ்வொரு தடவையும் அது இன்னும் கொஞ்சம் தள்ளிக் கேட்டது. இப்படியே போனால் அதுவும் கேட்காமல் போய்விடும் என்று அவளுக்கும் தெரிந்தது, பூதலிங்கத்துக்கும் தெரிந்தது.

பூதலிங்கத்துக்கு ஆரியசாலையை விட்டால் வேறு உலகம் கிடையாது. கடையில் உட்காராத நாளில் அவருக்குச் சோறு இறங்காது. அதை விட்டுவிட்டுக் கல்லோடு மலையேறிப் போவதை நினைத்து, மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார். மனைவி பகவதி அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, "அவ கேக்கது நியாயந்தானே. போங்க. கொள்முதல நான் பாத்துக்கிடுதேன்," என்றாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. வத்தல் கடையில் அதை யாரும் கவனிப்பதில்லை.

போனக்காட்டில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஓர் அறை கிடைத்தது. அவர் அங்கே படுத்த முதல் இரவே கல் தன் மேட்டுக்குப் போய்விட்டது. சொந்த இடம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது அது எதற்கு அறைக்குள் வரும்? அறையின் முன்பாதியில் பலசரக்குக் கடை வைத்தார். வத்தல் மட்டும் விற்கவில்லை, வேண்டியவர்கள் கீழே விதுராவில் வாங்கிக்கொண்டார்கள். பகவதி ஞாயிற்றுக்கிழமைகளில் மீன்குழம்போடு வந்து, அட்டைக்கடியைத் திட்டிவிட்டுத் திரும்புவாள். ரேஷ்மியின் கல்யாணத்துக்குக் காலையில் இறங்கிய பூதலிங்கம், தாலி ஏறியதும் பந்தியில்கூட உட்காராமல் பஸ் ஏறினார், அசதியில் அங்கேயே கண்ணயர்ந்துவிடக் கூடாதே என்று.

பிறகொரு மழைக்காலத்தில் உலகம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. சாயங்காலம் மேட்டிலிருந்து யாரோ கூப்பிடும் சத்தம் விடாமல் கேட்கவே, பூதலிங்கம் தராசை வைத்துவிட்டு ஏறிப்போய்த் துளையருகே குனிந்தார்.

"அவளுக்குக் காய்ச்சல். கஞ்சி குடிச்சிட்டுப் படுத்திருக்கா. நாளைக்கு வருவா."

"நீரு அந்த வத்தல் கடைக்காரருல்லா? இன்னும் ஊருக்குப் போகலையா?" என்று சுடலைக்கண்ணு கேட்டான்.

"போகல," என்றார் பூதலிங்கம். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருங்க."

கீழே கடை வாசலில் லயத்துப் பெண் ஜெஸ்லின் சர்க்கரை வாங்க நனைந்துகொண்டு நின்றாள். அவர் இறங்கிப் போனார்.