மறு ஏலத்தில் ஒரு குடை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு கல்யாணப் பந்தியில், பாயசத்துக்கும் பழத்துக்கும் நடுவில். பக்கத்து இலைக்காரர் சொன்னார். அந்தக் காலத்தில் நம் பக்கத்து ஆள் ஒருவர் மனைவியோடு திருவனந்தபுரம் சுற்றிப் பார்க்கப் போனாராம். சாலைத்தெருவில் ஒரு குடையை ஏலத்தில் எடுத்தாராம். எடுத்த கையோடு அதை ஏலக்காரரிடமே நீட்டி, மறுபடியும் ஏலம் போடச் சொன்னாராம். பந்தியே சிரித்தது. நானும் பாயசம் புரையேறச் சிரித்தேன். கை கழுவும்போதுதான் சிரிப்பு நின்றது. அந்தக் குடையை அவர் யாருக்காக எடுத்தார்?

சொன்னவரிடம் போய்க் கேட்டேன். "அது கதையில இல்ல," என்றார், வெற்றிலையை மடித்துக்கொண்டே.

கதையில் இல்லாததை எழுதிப் பிழைக்கிறவன் நான். அப்படி ஒரு பதிலைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா? பெயர்கள் யாருக்கும் தெரியவில்லை. நானே வைத்தேன். அவர் நேசையன், அவர் மனைவி ராஜபாய். ஊர் அருமனைக்குப் பக்கம். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் ரப்பர். வருடம் 1952. பிள்ளைகள் உண்டு. முதல் பிரதியில் அவர்களையும் கூட்டிக்கொண்டு போனேன். பத்தி தவறாமல் அழுதார்கள், கதையை நகரவிடவில்லை. இப்போது அத்தை ஞானபாய் வீட்டில் விட்டிருக்கிறேன். சுகமாக இருக்கிறார்கள், கவலை வேண்டாம்.

2

முதல் தொடக்கம்: "குன்றுகளின் மேல் அமர்ந்து அரபிக்கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த எழில்நகரில், ஒரு மாலை வேளையில்"

(வேண்டாம். ரயில்வே விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

இரண்டாவது தொடக்கம்: "ராஜபாய் தன் வாழ்நாளில் எதையும் கேட்டதில்லை. ஏனென்றால்"

(ஏனென்றால் என்று ஆரம்பித்தால் அவள் அம்மாவரை போக வேண்டியிருக்கும். பஸ் போய்விடும்.)

மூன்றாவது:

"ஆருக்கு சொகமில்ல?"

இதுதான். அந்த நாளில் எங்கள் பக்கத்தார் திருவனந்தபுரம் போவது ஆஸ்பத்திரிக்கு, இல்லையென்றால் கேஸுக்கு. புதுச்சேலை உடுத்து, தகரப்பெட்டி தூக்கி, புருஷனும் பெண்டாட்டியும் பஸ்ஸுக்கு நடந்தால் எதிரே வருகிறவர்கள் வேறு என்ன கேட்பார்கள்?

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. சும்மா பாத்திட்டு வரலாம்னு," என்றார் நேசையன்.

"சும்மாவா?"

கேட்டவர் நம்பவில்லை. ராஜபாயின் முகத்தை ஒரு முறை, வயிற்றை ஒரு முறை பார்த்துவிட்டு, "தைரியமாட்டு இரு மக்கா. ஞாயிற்றுக்கிழமை சபையில ஜெபிக்கோம்," என்றார். அந்த ஞாயிறு அவளுக்காக உருக்கமாக ஜெபித்தார்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். ஜெபம் வீண்போகாது, எங்காவது உதவும்.

3

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நேசையன் முட்டாளாகத் தெரிவார். முட்டாள் இல்லை. அளவுக்கு மீறி நல்லவர், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் அறுப்பின் பண்டிகை வரும். தோட்டத்தில் முதலில் விளைந்ததை ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஏத்தன் வாழைக்குலை, பலா, பூசணி, சேவல், எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். இந்த ஏலத்தில் பேரம் கிடையாது. விலை ஏற ஏறத்தான் பக்தி. தான் கேட்ட தொகையின் மேல் தானே ஏற்றிக் கேட்கிறவர்களும் உண்டு. எடுத்த பொருளை வீட்டுக்குக் கொண்டுபோனால் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டி, 'சபைக்கே இருக்கட்டு, மறுபடி போடுங்க' என்று திருப்பிக் கொடுக்கிறவருக்குத்தான் மதிப்பு. ஒரே பூசணிக்காய் பலரிடம் விலைபோய், சாயங்காலம் களைத்துக் கிடக்கும்.

(சபை தென்னிந்தியத் திருச்சபை ஆகிச் சில வருடம் ஆகியிருந்தது. பெயர்ப்பலகை மாறியது. பூசணிக்காயின் கதி மாறவில்லை.)

நேசையன் எப்போதும் திருப்பிக் கொடுக்கிறவர். "அவருக்க கை தாராளம்" என்று ஊரில் பேச்சு. கல்யாணமான வருடம், ராஜபாய் உள்ளங்கையில் தீனி வைத்து வளர்த்த சேவலை ஆலயத்துக்குக் கொடுத்தார்கள். அதை நேசையனே ஏலத்தில் எடுத்தபோது, சேவல் வீட்டுக்கு வருகிறது என்று பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவளுக்கு மனம் குளிர்ந்தது. அவர் சேவலை உயர்த்திக் காட்டினார். திருப்பிக் கொடுத்தார். பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம், ஏலம் கேட்கிற வாய் வலப்பக்கம் மட்டும்தான். அவள் என்ன செய்வாள்?

அவள் வருத்தப்படவில்லை என்று எழுதினேன். பொய், அடித்துவிட்டேன். வருத்தப்பட்டாள். கர்த்தருக்குக் கொடுத்ததற்கு வருத்தப்படலாமா என்று அதற்கும் சேர்த்து வருத்தப்பட்டாள்.

4

திருவனந்தபுரத்தில் ஏறினால் இறக்கம், இறங்கினால் ஏற்றம். மிருகக்காட்சிசாலையில் சிங்கத்தின் முன்னால் நேசையன் வெகுநேரம் நின்றார்.

"வேதத்தில உள்ள தானியேல் இதுக்க கூடயா ஒரு ராத்திரி கெடந்தாரு?"

"அது தூங்கியில்லா கெடக்கு," என்றாள் ராஜபாய்.

"இப்பம் தூங்குவு. அப்பம் பட்டினி பிள்ளே."

சங்குமுகம் கடற்கரையில் அவள் கால் நனைத்தாள். அவர் இரண்டு பேர் செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்காமல் நின்றார். (இந்த வரிக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கிறது. அவர் இப்படி நின்றதாக யாரும் சொல்லவில்லை. நான் நிறுத்தினேன். நின்றுகொண்டார்.)

திரும்பும் வழியில் மேட்டில் மழை பிடித்தது. அவரிடம் பெரிய கறுப்புக் குடை. இருவரும் அதற்குள்தான். ஆனால் அவர் நடை வேகம். குடை முன்னால் போகும், அவள் பாதி வெளியே வருவாள்.

"பைய நடங்க. எனக்க தோளு நனையுவு."

"குடை பெருசுதானே பிள்ளே."

"குடை பெருசுதான். நடையும் பெருசு."

அவர் சிரித்து, நின்று, அவளை உள்ளே இழுத்துக்கொண்டார். பத்தடி போவதற்குள் பழைய வேகம் வந்துவிட்டது. வேண்டுமென்று செய்கிறவர் இல்லை. எதிரே ஒரு பெண் தனக்கென்று ஒரு சின்னக் குடை பிடித்து, தனக்கென்று ஒரு நடையில் இறங்கிப் போனாள். ராஜபாய் திரும்பிப் பார்த்தாள். சிங்கத்தைக்கூட அவள் அப்படிப் பார்க்கவில்லை.

5

சாலைத்தெருவில் பிள்ளைகளுக்குத் துணி வாங்கினார்கள். ஞானபாய்க்கு ஒரு துவர்த்துத் துண்டு, வீட்டுக்கு ஒரு அலுமினியத் தூக்கு. ஒவ்வொரு கடையிலும் நேசையன் கேட்பார், "உனக்கு என்ன வேணும்?" ஒவ்வொரு கடையிலும் அவள் சொல்வாள், "எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

தெருமுனையில் பூட்டிப்போன ஒரு கடையின் சரக்கை ஒருவர் மேசை மேல் நின்று ஏலம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கையில் ஒரு பெண்கள் குடை. ஊதா நிறம், விளிம்பில் சின்னப் பூக்கள். ராஜபாய் நின்றாள்.

"கேட்டியளா. எனக்கு அந்தக் குடைய எடுத்துத் தருவியளா?"

(இந்த வாக்கியத்துக்கு முன்னால் அவள் மனப்போராட்டம் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். கேட்க வேண்டும் என்று தோன்றியது, கேட்டாள்.)

நேசையன் கையிலிருந்த துணிப்பொட்டலத்தை அவளிடம் கொடுத்தார். இத்தனை வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள். "அதுக்கென்ன பிள்ளே," என்று கூட்டத்துக்குள் நுழைந்தார், வலப்பக்கம். ராஜபாய் தூக்கும் துணியுமாய் இடப்பக்கச் சுவரோரம் போய் நின்றாள். தெருவில் பக்கம் ஏது? ஆனால் ஏலம் என்று கேட்டதும் இருவரின் கால்களும் ஆலயத்தில் போகிறபடி பிரிந்து போயின.

நேசையன் கேட்டார். ஒருவர் மேலே கேட்டார். நேசையன் அதற்கு மேல் கேட்டார். பிறகு யாரும் கேட்கவில்லை, அவரே தன் தொகையின் மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றினார். ஏலக்காரர் ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்தார். (தொகையை எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் கணக்குப் பார்ப்பீர்கள், அவளைப் பார்க்க மாட்டீர்கள்.) பணம் கொடுத்ததும் குடை கைக்கு வந்தது. கூட்டம் முழுக்க அவரையே பார்த்தது. முகம் பண்டிகை நாளில் மலர்வது போல மலர்ந்தது. கை தானாக உயர்ந்தது. வாய் தானாகச் சொன்னது:

"சபைக்கே இருக்கட்டு, மறுபடி போடுங்க."

"சேட்டா, சத்யமாயிட்டும் திரிச்சு தரிகயாணோ?" என்றார் ஏலக்காரர், உண்மையாகவே திருப்பித் தருகிறாரா என்று. பதில் வருவதற்குள் குடையை வாங்கிக்கொண்டார். ஊர் பேர் தெரியாத ஆள் வலிய வந்து கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? தெரு சிரித்தது.

அந்தச் சிரிப்பில்தான் நேசையன் விழித்தார். சாலைத்தெருவில் சபை இல்லை. கர்த்தர் அங்கே குடை கேட்கவும் இல்லை.

6

ராஜபாய்க்கு அந்த உயர்ந்த கையைத் தெரியும். அந்தக் கை மேலே போகும்போதே சேவல் போனது, பலா போனது, இன்னும் என்னென்னவோ போனது. ஆனால் இத்தனை நாளும் அவளுக்குக் கிடைத்த ஆறுதல் ஒன்று உண்டு. கொடுத்தது கர்த்தருக்கு. இன்றைக்கு அந்த ஆறுதலும் இல்லை.

இந்த இடத்தில் எனக்கு அவள் மேல் சந்தேகம் வந்தது. அவள் அழுவாளா? எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் வந்தது, ஆனால் அது என் அழுகை. பேசாமல் பஸ் ஏறுவாளா? எழுதினேன். ஊர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை, என்னிடமும்.

மேசை மேல் குடை மறுபடி விரிந்தது. யாரோ ஒருவர் அடிமாட்டு விலைக்குக் கேட்டார். ராஜபாய் தயங்கித் தயங்கி, மெல்ல

(மெல்லச் சொன்னால் ஏலக்காரர் காதில் விழாது.)

ராஜபாய் ஆலயப் பாடகர் குழுவில் பாடுகிறவள். அவளுக்குத் தெரிந்த உரத்த குரல் அது ஒன்றுதான். அந்தக் குரலில், பாட்டெடுக்கிற உச்சத்தில், சுவரோரத்திலிருந்து விலை கேட்டாள். முந்தானை முடிச்சில் அவளுடைய கோழிமுட்டைப் பணம் இருந்தது. பக்கத்தில் நின்ற பூக்காரி திரும்பிப் பார்த்தாள். ராஜபாய் தானும் திரும்பிப் பார்த்தாள், யார் கேட்டது என்று.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கம்மிய குரல் அதற்கு மேல் கேட்டது.

யாரோ ஒரு பிசினாறி, என்று நினைத்துக்கொண்டு ராஜபாய் மேலே கேட்டாள். கம்மிய குரல் விடவில்லை. அவளும் விடவில்லை. காதோரம் சூடேறியது. இப்படி ஒரு சுகம் ஏலம் கேட்பதில் இவ்வளவு காலம் இருந்திருக்கிறது, வலப்பக்கத்துக்காரர்கள் சொல்லவே இல்லையே என்று தோன்றியது.

7

இதுவரை ராஜபாயோடு சுவரோரத்திலேயே நின்றுவிட்டேன். இனி ஒரு நிமிடம் அந்தப் பக்கம் போக வேண்டும்.

கம்மிய குரல் நேசையனுடையது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்க நாக்கு எழவில்லை. அதனால் வெட்கத்தில் தலைத்துண்டை முகம் வரை இறக்கிவிட்டு, தன் குரல் என்று தெரியாதபடி அடக்கி, தெருவின் பின்வரிசையில் ஒளிந்து நின்று, அவளுக்காக அந்தக் குடையை மறுபடி ஏலம் கேட்டுக்கொண்டிருக்கிறார். யாரோ ஒரு பட்டணத்துக்காரி போட்டிக்கு ஏற்றுகிறாளே என்று அவருக்குக் கோபம்.

(கட்டின பெண்டாட்டியின் குரல் தெரியாதா என்று கேட்பீர்கள். "சோறு எடுக்கட்டா" என்கிற குரல் தெரியும். "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்கிற குரல் நன்றாகவே தெரியும். எனக்கு வேண்டும் என்கிற குரலை அவர் இன்றைக்குத்தானே கேட்கிறார்.)

அவள் இன்னொரு முறை ஏற்றினாள். அந்தக் கடைசி எழுத்தைப் பாட்டுப் போல ஓர் இழுப்பு இழுத்தாள். நேசையனுக்குத் தெரிந்துவிட்டது. துண்டை விலக்கி எட்டிப் பார்த்தார். சுவரோரத்தில், அலுமினியத் தூக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முகம் சிவந்து, அவர் பார்த்தறியாத அழகோடு ஒருத்தி நின்றாள்.

8

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: நேசையன் மேலே கேட்டு, குடையை வென்று, அவள் கையில் கொடுக்கிறார். அவள் சிரிக்கிறாள். இது என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. "அவ முதல் முதலா வாய் தொறந்து கேட்டா. அதுலயும் அவருதான் ஜெயிக்கணுமா?" என்றாள்.

இரண்டு: "அது எனக்க வீட்டுக்காரி" என்று கத்துகிறார். தெரு இரண்டாம் முறை சிரிக்கிறது. இந்தச் சிரிப்பு அவள் மேலும் விழுகிறது. அதை அவளுக்கு நான் செய்ய மாட்டேன்.

மூன்று: பேசாமல் இருந்துவிடுகிறார். குடை அவளுடையது, அவள் காசில், அவள் குரலில். ஆனால் பெண்டாட்டி முட்டைக்காசு போட்டு ஏலம் எடுக்கும்போது வாயை மூடிக்கொண்டு நின்றவர் என்று ஆகிவிடும், தாராளக் கைக்காரருக்கு. பின்வரிசையில் நின்றவர் தான்தான் என்று அவளிடம் சொன்னால் அவள் ஜெயித்தது பாதியாகும். சொல்லாவிட்டால் காலம் முழுக்க அவர் கைகட்டி நின்றதாகவே அவள் நினைப்பாள். திருப்பிக் கொடுத்தால் கைதட்ட ஒரு சபை இருந்தது. இதற்கு யார் கைதட்டுவார்கள்?

குடை எப்படியும் வீட்டுக்கு வந்துவிடும், அதில் சந்தேகம் வேண்டாம். ராஜபாய் அதைப் பிடித்துக்கொண்டு எப்படி நடப்பாள் என்பதுதான் எனக்கு முக்கியம். அவளை எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. அவரையும்தான்.

9

"ஒரு தரம்," என்றார் ஏலக்காரர்.

நேசையன் வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடி இருக்கிறது. இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு ஒரு காப்பி குடித்துவிட்டு வந்தேன், அப்போதும் திறந்தேதான் இருந்தது.

"ரெண்டு தரம்."

ராஜபாய் கூட்டத்தின் தலைகளுக்கு மேல் எக்கிப் பார்க்கிறாள், அந்தப் பிசினாறி இன்னும் கேட்பானா என்று. கேட்க வேண்டாம் என்று அவள் உதடு அசைகிறது. அது ஜெபம். நேசையன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது தரத்தை நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், பாவம், அவருக்கு உயர்த்திக் காட்ட ஒன்றுமில்லாமல் வெறும் கையோடு நின்று பழக்கமில்லை.