டெசான்கா விட்டுப்போன கோட்டு

டெசான்காவுக்கு முப்பத்திரண்டு வருடம் விடாமல் குளிரெடுத்தது, ஆகஸ்டு மாதங்கள் உட்பட. அவள் விட்டுப்போன கோட்டு அதே முப்பத்திரண்டு வருடமும் இத்தாலியின் எல்லையோரத்தில் உள்ள எங்கள் திரியெஸ்தே நகரத்தில், ஒரு பழைய உடைக் கடையில், மனித உடம்பின் சூட்டோடு இருந்தது. எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் பெனெதெத்தோ அதன் பையில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். முப்பத்தாறு புள்ளி எட்டு. ஜுரம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் காலத்தில் எல்லைக்கு அப்பாலிருந்து யூகோஸ்லாவியாக்காரர்கள் பேருந்து பேருந்தாக வந்து எங்கள் சந்தையில் ஜீன்ஸ் வாங்கிப் போவார்கள். பையில் இருக்கும் துணிக்குத்தான் சுங்கவரி, உடம்பில் இருக்கும் துணிக்கு இல்லை. அதனால் வாங்கியதையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்வார்கள். காலையில் குச்சியாக இறங்கிய பெண்கள் மாலையில் பீப்பாயாக ஏறுவார்கள், இருக்கையில் உட்காரக் கால் மடங்காது. அவர்கள் கழற்றிப்போட்ட பழைய பாவாடைகளும் செருப்புகளும் தெருவெல்லாம் கிடக்கும். நாங்கள் சிரிப்போம், அவர்கள் காசை வாங்கிக்கொண்டே சிரிப்போம். 1978 நவம்பர் இருபத்தொன்பது, அவர்களுடைய குடியரசு விடுமுறை நாள், பான்யா லூகா ஊரின் காலணித் தொழிற்சாலையிலிருந்து பத்தொன்பது வயது டெசான்கா வந்தாள். ஐந்து ஜீன்ஸ், நான்கு ஸ்வெட்டர், அதன்மேல் புது மழைக்கோட்டு. தன் பழைய கம்பளிக் கோட்டை அதற்கு மேல் மாட்டப் பார்த்தபோது கை முழங்கையோடு நின்றுவிட்டது. வெளியே ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினான். கோட்டை ஜீன்ஸ் கடையின் ட்ரையல் ரூம் கொக்கியில் மாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

அது அவள் அம்மா ராணுவக் கம்பளியை வெட்டி, வால்நட் தோலில் சாயம் ஏற்றித் தைத்த கோட்டு. மகள் வீடு திரும்பியதும் அம்மா ஜீன்ஸ் ஒன்றையும் பார்க்கவில்லை. “கோட்ட விட்டுட்டு வந்தவ, ஒடம்புச் சூட்டையும் சேத்து விட்டுட்டு வந்துட்டேடி” என்றாள். தொட்டுப் பார்த்தார்கள், உண்மைதான். அன்றுமுதல் டெசான்காவின் கை கிணற்றுக் கல் மாதிரி இருந்தது. ஊரில் யார் வீட்டில் பூரெக் என்ற அடுக்கு ரொட்டி சுட்டாலும் மாவு தேய்க்க அவளைக் கூப்பிட்டார்கள், அவள் கையில் கொழுப்பு உருகாது என்பதற்காக. கல்யாணம் ஆனது. புருஷன் மூன்று குளிர்காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஜெர்மனிக்கு வேலை தேடிப் போனான், தேடிக்கொண்டே இருக்கிறான். பிறந்த மகளைத் தூக்கினால் குழந்தையின் உதடு நீலமானது. மகள் அடுத்த வீட்டுக்காரியின் மடியில் வளர்ந்தாள். டெசான்கா மூன்று தடவை எங்கள் ஊருக்கு வந்து அந்த ஜீன்ஸ் கடையில் விசாரித்தாள். “திங்கக்கிழமை திங்கக்கிழமை பத்து மூட்டை வெளிய போடறோம், எந்த மூட்டைன்னு சொல்லும்மா” என்று சிரித்தார்கள். பிறகு போர் வந்தது, போருக்குப் பின் விசா வந்தது, இரண்டும் சேர்ந்து இருபது வருடத்தை விழுங்கின.

அந்த மூட்டைகளைப் பொறுக்கி வந்தவள் நெரீனா. அப்போது ஊரே அவளைக் குப்பைக்காரி என்றது. முப்பது வருடம் கழித்து பழைய உடை நாகரிகமாகி, அதே குப்பையை வாங்க மிலானிலிருந்து ஆள் வந்தது, நாங்களும் மரியாதையாகப் பேசத் தொடங்கினோம். கடை சின்னது, இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். சூடான கோட்டை அவள் விற்கவில்லை. அதன் கைக்குள் பூனை மூன்று ஈற்று போட்டது, அதன் பையில் வைத்த காப்பி மாலைவரை ஆறாது. 2003இல் அவள் புருஷன் லிவியோவை, துறைமுகத்தில் காப்பி மூட்டை சுமந்தவனை, வாதம் அடித்தது. பாதி உடம்பு போனது, மீதிப் பாதியும் நாளுக்கு நாள் சில்லிட்டது. மருத்துவர் ஒரு வாரம் என்றார். நெரீனா கடையில் இருந்த கம்பளி எல்லாவற்றையும் போர்த்திப் பார்த்தாள். கல்யாணத்தன்று அவன் வாங்கித் தந்து அவள் விடாமல் உடுத்திவந்த பச்சைக் கோட்டையும் போர்த்தி, பக்கத்திலேயே கண் எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியாக அந்தப் பழுப்புக் கோட்டை மாட்டினாள், அவன் கண்ணைத் திறந்து சூப் கேட்டான். எட்டு வருடமாக ட்ரையல் ரூம் திரைக்குப் பின்னே ஒரு நாற்காலியில் அந்தக் கோட்டோடு உட்கார்ந்திருந்தான். துவைக்கக் கழற்றினாலே உதடு கறுக்கும் என்பதால் துவைப்பதை விட்டுவிட்டார்கள்.

யூகோஸ்லாவியா உடைந்து டெசான்காவின் ஊர் போஸ்னியா நாட்டில் இருந்தது; 2010 டிசம்பரில் போஸ்னியாக்காரர்களுக்கு விசா வேண்டாம் என்று ஆனது. 2011 பிப்ரவரியில், மலையிலிருந்து இறங்கும் போரா என்ற குளிர்காலச் சூறைக்காற்று தெருக்கோடி விளக்கைப் பிடுங்கி எறிந்த வாரத்தில், டெசான்கா பேருந்திலிருந்து இறங்கினாள். யாரிடமும் வழி கேட்கவில்லை. ஒரு தெருவில் திரும்பினால் விரல் நுனி கொஞ்சம் இளகியது, தவறான தெருவில் மறுபடி விறைத்தது. அப்படியே தெருத்தெருவாக வந்து, மத்தியானம் நெரீனாவின் கடைக்குள் நுழைந்து, ஒரு துணியையும் தொடாமல், நேராகப் போய்த் திரையை விலக்கினாள். தன் கோட்டுக்குள் ஒரு கிழவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

“அது விக்கறதுக்கு இல்லம்மா, என் மாமியாரோடது” என்றாள் நெரீனா.

“உங்க மாமியாருக்கு பான்யா லூகாவா, சிஞோரா? எடது பையத் திருப்பிப் பாருங்க. பழுப்பு நூல் தீந்துபோயி எங்கம்மா மஞ்ச நூல்ல தச்சிருப்பா. மஞ்சளா இல்லேன்னா இப்பவே பஸ் ஏறிடறேன்.”

நெரீனா திருப்பிப் பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வருடமாக அவளுக்கு அந்த மஞ்சள் நூலைத் தெரியும். அவள் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். “இந்த மனுஷனப் பாரு. மூச்சு இதுலதான் ஓடுது. கழட்டினா சாயங்காலம் தாண்டாது. ஒரு கோட்டுக்காக ஒரு ஆளக் கொல்லுவியா?”

“எம் பேத்தி பொறந்து நாப்பது நாளாச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்கறேன். மகள தூக்கல, இதையுமா தூக்காம சாகணும்?”

லிவியோவின் வாய் ஒரு பக்கம்தான் அசையும். அந்தப் பக்கத்தால் சொன்னான்: “குடுத்துடு நெரீனா. எட்டு வருஷமா இந்தக் கோட்டுக் கைக்குள்ள யாரோ ஒரு பொம்பள குளிருல பல்லு கிட்டிக்கிட்டே இருக்கா. நிம்மதியா ஒரு தூக்கம் இல்ல.”

“நீ சும்மா கெட. சாகறதுக்கு உனக்கென்ன அவ்வளவு அவசரம்?”

டெசான்கா கோட்டை உருவியிருக்கலாம், ஒற்றைக் கைக்காரன் தடுத்திருக்க மாட்டான். அவள் உருவவில்லை. முக்காலியில் உட்கார்ந்து அழுதாள், நெரீனாவும் எதிர் முக்காலியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எங்கள் ஊர் வழக்கப்படி நெரீனா காப்பி போட்டாள். டெசான்கா கோப்பையைப் பிடித்ததும் காப்பி ஆறிப்போனது. அதைப் பார்த்ததும் நெரீனா கேட்டாள்: “சூடு எப்படி அதுக்குள்ள போச்சு? நானும் என் கோட்ட இவருக்குப் போத்திப் பாத்தேனே, போகலியே.”

“நான் ஒண்ணும் குடுக்கல, சிஞோரா. விட்டுட்டுப் போனேன். எல்ல தாண்டற வரைக்கும் திரும்பிப் பாக்கல. அவ்வளவுதான்.”

நெரீனா எழுந்தாள். பிறகு தெரு தாண்டிப் போய் பெனெதெத்தோவைக் கூட்டி வந்து லிவியோவின் பக்கத்தில் உட்காரவைத்தாள். தன் பச்சைக் கோட்டைக் கழற்றி ட்ரையல் ரூம் கொக்கியில் மாட்டினாள். பழுப்புக் கோட்டைப் புருஷன் உடம்பிலிருந்து தன் கையாலேயே உருவி டெசான்காவிடம் கொடுத்தாள். “நான் படி எறங்கினதும் பச்சைய மாட்டி விடுங்க” என்று மருந்துக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, வெறும் சட்டையோடு போரா காற்றில் இறங்கினாள். பத்து அடி போயிருப்பாள். உள்ளேயிருந்து லிவியோ “நெரீனா!” என்று ஒரே ஒரு தடவை கத்தினான். போகாதே என்று கூப்பிட்டானா, உயிர் போகிற சத்தமா, அவளுக்குத் தெரியவில்லை. போரா நாட்களில் ஆட்கள் பிடித்து நடக்கத் தெருவோரம் கட்டியிருந்த கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தாள். கழுத்து மட்டும் திரும்பவில்லை. பக்கத்தில் டெசான்கா தன் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டே வந்தாள், வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

இருவரும் பான்யா லூகா பேருந்தில் ஏறி மலைமேல் எல்லைவரை போனார்கள். ஆட்கள் ஐந்து ஜீன்ஸோடு மூச்சு முட்ட நின்ற சுங்கச்சாவடியில் இப்போது யாரும் இல்லை, கதவுக்குப் பூட்டுக்கூட இல்லை. என்ன கொண்டுபோகிறாய் என்று நெரீனாவைக் கேட்க ஒரு ஆள் இல்லாமல் அவள் எல்லையைத் தாண்டினாள். அந்த இடத்திலேயே பாதத்திலிருந்து குளிர் ஏறியது. இறங்கும்முன் டெசான்கா அவள் கையைப் பிடித்து முத்தமிட்டாள், சூடான உதடு பட்டு நெரீனாவுக்குத் தோல் எரிந்தது.

நகரப் பேருந்து பிடித்து அவள் கடைக்குத் திரும்பியபோது பெனெதெத்தோ வாசலிலேயே தெர்மாமீட்டரைக் காட்டினார். முப்பத்தாறு புள்ளி எட்டு. லிவியோ பச்சைக் கோட்டில், கொஞ்சம் இறுக்கமாக, கன்னம் சிவந்து உட்கார்ந்திருந்தான். நெரீனா ஓடிப்போய் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். அவன் உடம்பு தூக்கிவாரிப் போட்டது.

“கைய எடுடி” என்றான். “குளிருது.”

எடுத்துவிட்டாள்.

பான்யா லூகாவிலிருந்து வருடத்துக்கு ஒரு புகைப்படம் வருகிறது. எல்லாவற்றிலும் குழந்தை பாட்டியின் மடியில் இருக்கிறது, கடைசிப் படத்தில் மடியை மீறி வளர்ந்துவிட்டது. லிவியோ இன்னும் சூப் கேட்கிறான், இப்போது இரவெல்லாம் நன்றாகத் தூங்குகிறான், கோட்டுக்குள் நடுங்குகிறவள் அவனுக்குப் பல வருடம் பழகிய மனைவி என்பதால். எங்கள் தெருவில் ஸ்ட்ரூடல் என்ற பழம் வைத்துச் சுருட்டும் பலகாரம் செய்கிறவர்கள் மாவையும் வெண்ணெயையும் எடுத்துக்கொண்டு நெரீனாவிடம் போகிறார்கள். பத்து மணிக்கு மேல் போனால் காத்திருக்க வேண்டும். லிவியோவுக்கு முகம் மழித்துவிடும்போது அவள் இரண்டு ஜோடிக் கையுறை போட்டுக்கொள்கிறாள்.